ட்ரூமன் (2015) பார்த்தவர்கள் வாங்க: கடைசியில் அந்த நாயை ஒப்படைத்தது சரியா?

அரைத்தூக்கம்:

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், முடிவு உட்பட முழுக் கதையும் இந்த இழையில் உடைபடும். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாங்க, இழை எங்கேயும் ஓடிவிடாது.

ஸ்பானிஷ் படம், இயக்கம் செஸ்க் காய். கதை என்று பார்த்தால் நாலு வரிதான். மாட்ரிட்டில் வாழும் அர்ஜென்டினா நாடக நடிகர் ஹூலியானுக்கு நுரையீரல் புற்றுநோய், பரவிவிட்டது. இனி கீமோ வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டார். கனடாவில் குடும்பத்தோடு இருக்கும் பழைய நண்பர் தொமாஸ் சொல்லாமல் கொள்ளாமல் வந்து கதவைத் தட்டுகிறார், நாலு நாள் கூட இருக்கிறார், திரும்பிப் போகிறார். அவ்வளவுதான். ட்ரூமன் என்பது ஹூலியான் வளர்க்கும் நாய், புல்மாஸ்டிஃப் வகை, கிழடு, கனம், எழுந்து நடப்பதற்கே யோசிக்கும். தனக்குப் பிறகு இதை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதுதான் அந்த மனிதனை ராத்திரி தூங்கவிடாத கவலை. தன் சாவைப் பற்றிப் பேசும்போது கிண்டல் அடிப்பவன், கால்நடை மருத்துவரிடம் போய் உட்கார்ந்து, எஜமான் இல்லாமல் போனால் நாய்க்குத் தெரியுமா, எவ்வளவு நாள் தேடும் என்று கேட்கும்போது முகம் அப்படியே மாறிவிடுகிறது. ஹூலியானாக வரும் ரிகார்தோ தரீன் நடிப்பைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

என் கேள்வி கடைசிக் காட்சி பற்றி. விமான நிலையத்தில் நாயைக் கொண்டுவந்து, தேவையான காகிதங்களோடு தொமாஸ் கையில் ஒப்படைக்கிறான். முன்கூட்டிக் கேட்கவில்லை. தொமாஸும் மறுக்கவில்லை. இது நட்பின் உச்சம் என்று பலரும் உருகுகிறார்கள். எனக்கும் கண் கலங்கியது, ஆனால் கூடவே ஒரு நெருடலும் இருந்தது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கறார்பேர்வழி:

நெருடல் என்ன நெருடல், அது அப்பட்டமான சுயநலம். சாகப்போகிறவன் என்பதால் எல்லாரும் மன்னித்துவிடுகிறார்கள். அந்த ஆளைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். நாலு நாளும் செலவெல்லாம் யார் தலையில்? தொமாஸ் தலையில். சாப்பாட்டுக் கட்டணம், விமானச் சீட்டு, எல்லாம். ஒரு தடவைகூட "நான் கொடுக்கிறேன்" என்று கை பைக்குள் போகாது. அப்புறம் இன்னொரு நண்பனின் மனைவியோடு படுத்துக் குடும்பத்தைக் குலைத்தவன். இப்படிப்பட்டவன் கடைசியில் அவ்வளவு கனமான நாயை இன்னொருவன் கழுத்தில் கட்டிவிட்டுப் போவதில் என்ன கவிதை இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

படம் மோசம் என்று சொல்லவில்லை. ஹூலியானைத் தியாகி ஆக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

சப்டைட்டில்சரஸ்வதி:

கறார், நீங்கள் குற்றப்பத்திரிகையாக வாசித்ததெல்லாம்தான் இந்தப் படத்தின் பலமே. படமே அவனைத் தியாகி ஆக்கவில்லையே. நீங்கள் சொன்ன அந்த நண்பன் விஷயத்தையே எடுங்கள். உணவகத்தில் சக நடிகர்கள் சிலர் ஹூலியானைப் பார்த்தும் பார்க்காதது மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். இவன் விடுவானா? நேராக அவர்கள் மேசைக்கே போய், எனக்குப் புற்றுநோய் என்று தெரிந்துதானே கண்டுகொள்ளாமல் இருந்தீர்கள் என்று நெளிய வைத்துவிட்டு வருவான். பார்க்கிற நமக்கும் "அப்படிப் போடு" என்று இருக்கும். பிறகு இன்னொரு இடத்தில் இவன் ஒரு ஆளைப் பார்த்து ஒளிந்துகொள்ளப் பார்ப்பான், அவர்தான் இவனால் குடும்பம் உடைந்தவர். அந்த மனிதர் தானாக எழுந்து வந்து, கேள்விப்பட்டேன், வருத்தமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவார். நியாயம் கேட்டுச் சண்டை போட்டவனை இன்னொருவரின் பெருந்தன்மை ஒரே நிமிடத்தில் சின்னவனாக்கிவிடும். இரண்டு காட்சிகளையும் எழுதியது ஒரே கை, திட்டம் போட்டு எழுதியிருக்கிறது.

ஆனால் நான் எழுத வந்தது ஆம்ஸ்டர்டாம் பகுதியைப் பற்றி. எனக்கு இந்தப் படம் என்றாலே அதுதான். மகன் நிகோ அங்கே படிக்கிறான். நேரில் போய் விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று கிளம்பி, இரண்டு பேரும் திடீரென்று போய் நிற்கிறார்கள். சாப்பிடுகிறார்கள், மகனின் காதலியும் கூட இருக்கிறாள், பேச்சு எங்கெங்கோ போகிறது, படிப்பு, வேலை, சிரிப்பு. ஹூலியான் வாயைத் திறப்பான் திறப்பான் என்று தொமாஸ் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்கிறான், நாமும்தான். கடைசி வரை சொல்லவில்லை. பிரியும் நேரத்தில் மகன் அப்பாவைக் கட்டிப்பிடிக்கிறான், கொஞ்சம் கூடுதல் நேரம். சரி, ரொம்ப நாள் கழித்துப் பார்த்த பாசம் என்று விட்டுவிடுகிறோம். மாட்ரிட் திரும்பியதும் முன்னாள் மனைவியைச் சந்திக்கும்போதுதான் தெரிகிறது, மகனுக்கு அவள் எப்போதோ சொல்லிவிட்டாள். அந்தப் பையன் எல்லாம் தெரிந்துதான் அந்த மதிய உணவை முழுதாகச் சாப்பிட்டு முடித்திருக்கிறான். தொழில்முறை நடிகர் அப்பா, ஆனால் அந்த மேசையில் அவரைவிட நன்றாக நடித்தது மகன்.

திரும்ப அந்தக் காட்சிக்குப் போய்ப் பாருங்கள். பையனின் கண்ணில் எல்லாம் இருக்கிறது. இயக்குநர் எதையும் ஒளிக்கவே இல்லை, நாம்தான் ஹூலியான் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

புதுவரவு:

படம் பார்க்கவில்லை, இருந்தும் இழையைப் படித்துவிட்டேன், மன்னிக்கவும். ஒரே ஒரு கேள்வி: பிழிந்து பிழிந்து அழ வைக்கும் வகையா? வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லாத சமயம், அதனால் கேட்கிறேன்.

அரைத்தூக்கம்:

இல்லை. பின்னணி இசை கழுத்தைப் பிடித்து அழுத்தாது. மருத்துவமனைப் படுக்கை, குழாய், மூச்சிரைப்பு எதுவும் இல்லை, சாவையும் காட்டுவதில்லை. பாதி நேரம் சிரிப்பீர்கள். ஆனால் ஈமச்சடங்கு ஏற்பாட்டு நிறுவனத்தில் தன் உடம்புக்குத் தானே விலை விசாரிக்கும் காட்சி ஒன்று இருக்கிறது. விற்பனையாள் பெட்டி, தகனம், அஸ்திக் கலசம் என்று வரிசையாக அடுக்க, தொமாஸ் பக்கத்தில் உட்கார்ந்து எச்சில் விழுங்கிக்கொண்டிருப்பான். இப்போதைய உங்கள் நிலையில் அந்தப் பகுதி கனமாக இருக்கலாம். வீட்டில் சரியான பிறகு பாருங்கள்.

வலிநிவாரணி:

நான் தணிப்பு சிகிச்சையில், அதாவது தீராத நோயின் வலியையும் வேதனையையும் குறைக்கும் பராமரிப்பில், செவிலியராக வேலை பார்க்கிறேன், அதனால் இந்தப் படத்தோடு எனக்கு ஒரு தனிச் சண்டை இருக்கிறது. நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவரிடம் போய் இனி சிகிச்சை வேண்டாம் என்று சொல்லும் காட்சியில் எந்தத் தப்பும் இல்லை. நோயாளி சிகிச்சையை மறுக்கலாம் என்பது ஸ்பெயினில் 2002-இல் வந்த நோயாளி தன்னுரிமைச் சட்டத்திலேயே தெளிவாக இருக்கிறது. அதைத் தற்கொலை என்றோ கருணைக்கொலை என்றோ குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே கருணைக்கொலைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2021 ஜூனில்தான், இந்தப் படம் வந்து ஆறு வருடம் கழித்து.

என் குறை வேறு. படம் இரண்டே கதவுகளைத்தான் காட்டுகிறது. ஒன்று கீமோ, இல்லையென்றால் ஒன்றுமே இல்லை, வீட்டுக்குப் போ. நிஜத்தில் மூன்றாவதாக ஒன்று உண்டு, தணிப்பு சிகிச்சை. வலி, மூச்சுத்திணறல், பயம், தூக்கமின்மை, குடும்பத்தோடு பேச வேண்டிய பேச்சு, எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள ஒரு குழு இருக்கும். மருத்துவர் சிசிலி சாண்டர்ஸ் லண்டனில் 1967-இல் சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்காக செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்ததிலிருந்து வளர்ந்து வந்த துறை இது. கீமோவை நிறுத்தினால்தான் இந்தப் பக்கம் வர வேண்டும் என்றும் இல்லை. 2010-இல் பாஸ்டனில் செய்த ஒரு ஆய்வு எங்கள் துறையில் எல்லாருக்கும் மனப்பாடம். பரவிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேர். ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை மட்டும், இன்னொரு பாதிக்கு அதோடு ஆரம்பத்திலேயே தணிப்பு சிகிச்சையும். இரண்டாவது பிரிவினருக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது, கடைசிக் கட்டத்தில் கடுமையான சிகிச்சைகளும் குறைவாகத்தான் வாங்கினார்கள், இருந்தும் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள். இடைநிலைக் கணக்கில், அதாவது பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம், 8.9 மாதத்துக்குப் பதில் 11.6 மாதம். ஹூலியானுக்கு வந்ததும் அதே உறுப்பு, அதே கட்டம். மருத்துவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருந்தால் கதை ஒன்றும் கெட்டுப்போயிருக்காது.

மறைப்பதைப் பற்றியும் ஒன்று. 1961-இல் அமெரிக்க மருத்துவர்களிடம் கேட்டபோது, பத்தில் ஒன்பது பேர் புற்றுநோய் என்று நோயாளியிடம் சொல்ல மாட்டோம் என்றார்கள். 1979-இல் அதே கேள்வியைக் கேட்டபோது 97 சதவீதம் பேர் சொல்லுவோம் என்றார்கள். பதினெட்டு வருடத்தில் முழுத் தலைகீழ். ஆனால் வீட்டுக்குள் மாற்றம் அவ்வளவு சுலபமாக வருவதில்லை. மருத்துவர் மறைத்த காலம் போய், நோயாளி பிள்ளையிடம் மறைக்கிறார், பிள்ளை தெரியாதது மாதிரி நோயாளியிடம் மறைக்கிறது. நான் இதை வேலையில் அடிக்கடி பார்க்கிறேன். அறைக்கு வெளியே வந்து "அப்பாவுக்குத் தெரியாது, சொல்லிவிடாதீர்கள்" என்பார்கள், உள்ளே போனால் அவர் மெதுவாக "பையனுக்குத் தெரியாது" என்பார். சரஸ்வதி சொன்ன அந்த மதிய உணவு அப்படியே உண்மை, அந்த ஒரு காட்சிக்காக மேலே சொன்ன குறையை மன்னித்துவிட்டேன்.

பழையரீல்:

நல்ல இழை. செவிலியர் அம்மாவுக்கு நன்றி.

நம் ஆட்களுக்கு இந்தப் படம் புதுசாகத் தெரிவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நாம் வளர்ந்தது வேறு இலக்கணத்தில். 1982 ஒரே வருடத்தில் 'வாழ்வே மாயம்', 'பயணங்கள் முடிவதில்லை' இரண்டும் வந்தன. இரண்டிலும் நாயகனுக்குப் புற்றுநோய், இரண்டிலும் அவன் காதலியிடம் சொல்ல மாட்டான், அவள் தன்னை வெறுக்க வேண்டும் என்று கெட்டவனாக வேஷம் போடுவான். நோய் என்பது தியாகத்துக்கு ஒரு சாக்கு. பாட்டெல்லாம் பிரமாதம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

நட்பு என்று வந்தால் இந்தியில் 'ஆனந்த்' இருக்கிறது, 1971. ரிஷிகேஷ் முகர்ஜி தனக்கும் ராஜ் கபூருக்கும் இருந்த நட்பை வைத்துச் செய்தது. அதில் சாகப்போகும் ஆனந்த் ஒரு தேவதூதன். போகிற இடமெல்லாம் ஒளியேற்றுவான், முன்பின் தெரியாத ஆளையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நண்பனாக்கிக்கொள்வான், டாக்டர் நண்பனுக்கே வாழக் கற்றுத்தருவான். ராஜேஷ் கன்னாவின் சிரிப்பில் நாம் விழுந்துவிட்டோம். ட்ரூமன் அதற்கு நேர் எதிர். ஹூலியான் யாருக்கும் எதையும் கற்றுத்தருவதில்லை. வருவதற்கு முன்னும் அவன் அப்படித்தான், நோய் வந்த பிறகும் அப்படியேதான். நோய் ஒருவனை நல்லவனாக்கிவிடும் என்று நம்புகிற சினிமா நிறைய பார்த்தாகிவிட்டது, அதனால் கறார் கோபப்படுவதுகூட எனக்குப் புரிகிறது. அவருக்கு ஹூலியான் மேல் கோபம் வருவதே படத்தின் வெற்றி என்பேன்.

கறார்பேர்வழி:

பழையரீல் அண்ணே, என்னையே படத்துக்கு விளம்பரம் ஆக்கிவிட்டீர்களே, நல்லா இருக்கு.

சரி, அப்படியானால் தொமாஸும் பவுலாவும் கடைசி ராத்திரி சேர்ந்து படுக்கிறார்களே, அதை யாராவது விளக்குங்கள். மனைவி பிள்ளைகளைக் கனடாவில் விட்டுவிட்டு வந்தவன். அவள் ஹூலியானின் உறவுக்காரப் பெண், மனசு உடைந்து நிற்கிறாள். அது எதற்கு அங்கே? கத்தரித்து எறிந்திருந்தால் படத்துக்கு ஒரு குறையும் வந்திருக்காது.

சப்டைட்டில்சரஸ்வதி:

அந்தக் காட்சியில் ரெண்டு பேரும் அழுகிறார்கள், கவனித்தீர்களா? நாலு நாளாக அந்த ஆள் கண்ணில் தண்ணீர் வரவில்லை. விலை விசாரிக்கும்போது வரவில்லை, ஆம்ஸ்டர்டாமில் வரவில்லை. ஹூலியான் முன்னால் அழக்கூடாது என்று கட்டுப்படுத்தி வைத்திருந்தது எங்கேயாவது போய் உடைய வேண்டும், அங்கே உடைகிறது. நியாயப்படுத்தவில்லை. மனைவிக்குச் செய்த துரோகம் துரோகம்தான். ஆனால் துக்கத்தில் இருப்பவர்கள் ஒழுங்காக நடந்துகொள்வார்கள் என்று யார் சொன்னது?

வலிநிவாரணி:

சரஸ்வதி சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன், ஆனாலும் அந்தக் காட்சி எனக்குப் பிடிக்கவில்லை. பவுலாதான் அங்கேயே இருக்கிறவள். மருத்துவமனைக்குக் கூட்டிப்போவது, ஃபோன் எடுப்பது, கோபத்தை வாங்கிக்கொள்வது எல்லாம் அவள். தொமாஸ் நாலு நாளில் நல்ல பெயர் வாங்கிக்கொண்டு விமானம் ஏறிவிடுவான். அஞ்சாவது நாள் என்ன ஆகும் என்பது அவளுக்குத்தான் தெரியும். எங்கள் வார்டிலும் தூரத்திலிருந்து வரும் உறவினர் வரும்போதெல்லாம் நோயாளி முகம் மலரும், தினமும் துடைத்து விடுகிறவர் ஓரமாக நிற்பார். அவளுக்கு எழுத்தாளர்கள் இன்னும் இரண்டு நல்ல காட்சி கொடுத்திருக்கலாம். கொடுத்தது ஒரு கோபமும் ஒரு படுக்கையும்.

நாலுகால்:

யாரும் கேட்காத கேள்வியை நான் கேட்கிறேன். அவ்வளவு பெரிய நாயைக் கடைசி நிமிடத்தில் விமானத்தில் ஏற்ற முடியுமா?

சட்டப்படி பார்த்தால் கனடாவுக்குள் வளர்ப்பு நாயைக் கொண்டுபோக வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றிதழ்தான் முக்கியம், அது சரியாக இருந்தால் தனிமைப்படுத்தி வைப்பதெல்லாம் கிடையாது. ஆக காகிதம் பக்கம் தப்பில்லை. ஆனால் விமான நிறுவனம் அப்படியே ஏற்றிக்கொள்ளாது. முன்பதிவு செய்ய வேண்டும், அளவான கூண்டு வேண்டும், முகம் சப்பையான இனங்களுக்குச் சரக்குப் பகுதியில் மூச்சுத்திணறும் என்று பல நிறுவனங்கள் மறுத்துவிடும், மாஸ்டிஃப் வகைகளும் அந்தப் பட்டியலில் பல இடங்களில் உண்டு. அதாவது ஹூலியான் விமான நிலையம் வந்த பிறகு மனசு மாறவில்லை. நாள் கணக்கில் ஃபோன் போட்டு, பணம் கட்டி, கூண்டு பார்த்து எல்லாம் ஏற்பாடு செய்துவிட்டுத்தான் வந்திருக்கிறான். நண்பனிடம் மட்டும் வாய் திறக்கவில்லை. இது உங்கள் விவாதத்துக்கு எந்தப் பக்கம் சாதகம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

நாய் வளர்க்கிறவனாக ஒன்று சொல்கிறேன், கிழட்டு நாயைத் தத்தெடுக்க ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. குட்டி என்றால் வரிசையில் நிற்பார்கள். படத்தில் அவன் நாயைக் கூட்டிக்கொண்டு ஒரு குடும்பத்தைப் பார்க்கப் போகிறான் இல்லையா, பெண் பார்க்கப் போன மாதிரி முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பானே, அந்தத் தவிப்பு பொய் இல்லை.

அரைத்தூக்கம்:

நாலுகால் சொன்னது என் நெருடலைத் தீர்த்துவிட்டது என்று நினைக்கிறேன், எழுதிப் பார்க்கிறேன்.

கறார் ஆரம்பத்தில் பணத்தைப் பிடித்தார் இல்லையா, அதுதான் சரியான நூல். தொமாஸ் எதற்காக வந்தான்? கீமோவைத் தொடரச் சொல்லி வற்புறுத்தத்தான். வந்த முதல் நாளே அது நடக்காது என்று தெரிந்துவிடுகிறது. ஓரிரு தடவை முயற்சி செய்கிறான், அப்புறம் வாதத்தைக் கீழே போட்டுவிடுகிறான். வாதத்தைப் போட்ட பிறகு அவனால் செய்ய முடிந்த ஒரே காரியம் பணம் கொடுப்பது. உணவகத்தில், பயணத்தில், எங்கே கட்டணம் வந்தாலும் அட்டையை நீட்டுகிறான். அவன் முகத்தைப் பாருங்கள், கொஞ்சம் எரிச்சல்கூட இருக்கும், இருந்தும் நீட்டுவான். கணக்கு வைத்துக்கொள்ளாத நட்பு அது. ஹூலியானும் வெட்கப்படாமல் வாங்கிக்கொள்கிறான்.

அந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் நாய் பரிசும் இல்லை, நினைவுச்சின்னமும் இல்லை. இன்னொரு கட்டணம். கடைசிக் கட்டணம், பெரியது. கேட்டிருந்தால் தொமாஸ் யோசிக்க வேண்டியிருக்கும், மனைவியிடம் பேச வேண்டியிருக்கும், இல்லை என்று சொல்லவும் நேர்ந்திருக்கும், அந்த "இல்லை"யை வாழ்நாள் முழுக்கச் சுமந்திருப்பான். கேட்காமல் கையில் கொடுத்ததால் வழக்கம்போல அட்டையை நீட்டிவிட்டான். சுயநலம்தான் கறார், நான் மறுக்கவில்லை. ஆனால் யாரிடம் சுயநலமாக இருக்கலாம் என்று தெரிந்து வைத்திருக்கிறான் பாருங்கள். ஊரிலிருக்கிற எல்லாரிடமும் முகமூடி போட்டவன், பெற்ற பிள்ளையிடமே நடித்தவன், இவன் ஒருத்தனிடம் மட்டும் உரிமையோடு சுமையை இறக்கி வைக்கிறான்.

சான் செபாஸ்டியன் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருதை தரீனுக்கும் தொமாஸாக நடித்த ஹாவியர் காமராவுக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். பிறகு ஸ்பெயினின் தேசியத் திரைப்பட விருதான கோயாவில் சிறந்த படம், இயக்கம், திரைக்கதை, நடிகர், துணை நடிகர் என்று ஐந்து. அங்கே காமராவைத் துணை நடிகர் ஆக்கிவிட்டார்கள், எனக்கு சான் செபாஸ்டியன் தீர்ப்புதான் பிடித்திருக்கிறது. வாங்குகிறவன் ஒருத்தன், கொடுக்கிறவன் ஒருத்தன், இதில் யார் துணை?

பழையரீல்:

இதை ஏற்கிறேன். காமரா அதிகம் பேசுவதே இல்லை, கேட்டுக்கொண்டே இருக்கிறார். கேட்பதை நடித்துக் காட்டுவதுதான் கஷ்டம். அவருடைய பழைய படங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த மனிதருக்கு அது கைவந்த கலை.

கறார்பேர்வழி:

அழகாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் நான் அசையப்போவதில்லை. உரிமை, கணக்கில்லாத நட்பு எல்லாம் இரண்டு ஆண்களுக்கு நடுவில். வீட்டுக்கு வந்து சேரும் நாய்க்குச் சோறு வைத்து, பனியில் இழுத்துக்கொண்டு நடந்து, கிழட்டு நாய் என்பதால் ராத்திரி எழுந்து துடைக்கப்போவது யார்? தொமாஸ் வேலைக்குப் போய்விடுவான். கனடாவில் இருக்கிற அந்த மனைவியை ஒருத்தராவது கேட்டார்களா? படம் கேட்கவில்லை, இந்த இழையிலும் இதுவரை யாரும் கேட்கவில்லை.

நாலுகால்:

அந்த அம்மாதான் அவனை மாட்ரிட்டுக்குக் கிளம்பிப் போ என்று அனுப்பி வைத்தது. நாய்க்கும் சம்மதிப்பார் என்று நம்புகிறேன்.

கறார்பேர்வழி:

பவுலா விஷயம் தெரிந்தால் நாயோடு சேர்த்து இவனையும் வெளியே கட்டிவிடுவார்.

வலிநிவாரணி:

அதற்கு எங்கள் துறையில் மருந்து இல்லை.